வடமலையை அளந்த வழி

வடக்கே உள்ள மலை என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவன இரண்டு. ஒன்று வேங்கடம், மற்றொன்று இமயம். வேங்கடத்தைத் தமிழ்நாட்டின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. இமயமோ எல்லைக்கும் அப்பாற்பட்டது. உயர்வுக்கும் அசையாமைக்கும் உவமையாகப் புலவர்கள் எடுத்தாண்டது. கரிகாலன் அங்கே புலி பொறித்தான் என்றும், சேரமன்னர் வில் பொறித்தனர் என்றும், செங்குட்டுவன் கண்ணகியின் சிலைக்குக் கல்லெடுக்கச் சென்றான் என்றும் நம் இலக்கியங்கள் கூறுகின்றன. இவ்வாறு அரசர்கள் தம் இலச்சினையைப் பொறித்த அம்மலையின் உயரம் எத்தனை அடி என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை உலகில் எவரும் அறிந்திலர்.

அதனை அறிந்த வரலாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இமயத்தை அளந்தார்கள் என்றால், பனிப்பாறைகளின்மீது கயிறு கட்டி ஏறிய வீரர்களின் கதை என்று நேயர்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. உலகின் உச்சியில் மனிதர் ஏறி மீண்டது 1953ஆம் ஆண்டில்தான். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் உயரம் கணக்கிடப்பட்டுவிட்டது. அக்கணக்கின் முதல் அடி இமயத்தின் அடிவாரத்தில் எடுத்து வைக்கப்படவில்லை. சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே, வெயில் காயும் சமவெளி ஒன்றில் எடுத்து வைக்கப்பட்டது.

ஏறாமலே ஒரு மலையை எப்படி அளப்பது? இதனைத் திருமலையைக் கொண்டே விளக்கலாம். அலிப்பிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்லும் அடியவர் ஏறத்தாழ 3,550 படிகளை ஏறுகிறார். படிகளின் உயரத்தையெல்லாம் கூட்டிக்கொண்டே சென்றால் மலையின் உயரம் ஓரளவு தெரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை, இடையிடையே சமதரையும் உண்டு, இறக்கமும் உண்டு. இனி, படியே இல்லாத மலைக்கு என்ன செய்வது? நெருங்கவே முடியாத மலைக்கு என்ன செய்வது?

திருப்பதி நகருக்கு வெளியே சமதரையில் இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்வோம். அவற்றுக்கு இடையேயுள்ள தூரத்தை மிகத் திருத்தமாக அளந்துகொள்வோம். பிறகு, முதலிடத்தில் நின்று மலைமுகடு ஒன்றையும் இரண்டாம் இடத்தையும் நோக்கி, அவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைக் குறித்துக்கொள்வோம். இரண்டாம் இடத்துக்குச் சென்று அவ்வாறே மற்றொரு கோணத்தைக் குறிப்போம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்துவிட்டால், மற்றை இரு பக்கங்களையும் தாளில் கணக்கிட்டே அறிந்துவிடலாம். ஆகவே முகடு நமக்கு எத்தனை தொலைவில் உள்ளது என்பது, அங்கே போகாமலே தெரிந்துவிடும். இனி எஞ்சியது, அம்முகடு தரைமட்டத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகிறது என்பதே. நான்கு மைல் தொலைவிலுள்ள முகடு ஒன்று ஆறு பாகை உயர்ந்து தோன்றுமாயின், அது நாம் நிற்கும் தரைக்கு மேல் ஏறத்தாழ 2,200 அடி உயரமுடையது என்று கணக்குச் சொல்லிவிடும்.

கணக்கிட்டு அறிந்த அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாகக் கொள்ளலாம். அதிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து வேறொன்று. இப்படி மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் பார்வையாலேயே முக்கோணங்களைப் பின்னிக்கொண்டு ஒரு நாடு முழுவதையும் கடந்துவிடலாம். இதுவே முக்கோண அளவை எனப்படும் முறை. இதில் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அதிலேயே ஒரு பேராபத்தும் உண்டு. முதலில் தரையில் அளந்த அந்த ஒரே கோட்டைத்தான் பின்வரும் முக்கோணங்கள் யாவும் நம்பியிருக்கின்றன. அது பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும்.

இந்த முறையை இந்தியாவில் பெரிய அளவில் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட போரில் அவர் கலந்துகொண்டவர். போருக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினியின் கையில் பெரும்பரப்பான நிலம் வந்து சேர்ந்தது. ஆளவேண்டிய நாட்டின் எல்லை எது, ஊர் எது, ஆறு எது என்பதை அறிய நிலப்படம் தேவையாயிற்று. அளவையாளரின் சங்கிலிக்குப் பின்னால் வரி தண்டுவோனின் கணக்கும் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் லாம்டனின் உள்ளத்தில் வேறொரு வேட்கையும் இருந்தது. பூமி சரியான உருண்டையா, துருவங்களின் பக்கத்தில் சற்றே தட்டையானதா, தட்டையாயின் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை காணவேண்டும் என்பதே அது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே அவர் தமது அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளந்த கருவி நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக ஆங்கிலத் தூதர் கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் ஒன்று அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். மாலைக் குளிர்ச்சியில் குறுகும். ஆகவே சங்கிலியைத் தரையில் போடாமல் மரப்பெட்டிகளில் கிடத்தி, அப்பெட்டிகளை முக்காலிகளின்மீது மட்டமாக நிறுத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அளந்தனர். நூறு அடிக்கு ஒருமுறை இவ்வாறு நிறுத்தி, ஏழரை மைலையும் கடப்பதற்கு ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஏழரை மைலை நடந்து கடக்க ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் போதும். அதை அளந்து முடிக்க அவர்களுக்கு வாரங்கள் பல சென்றன.

கோணம் அளப்பதற்கான பெருங்கருவி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. தியோடலைட் எனப்படும் அக்கருவி அரை டன் எடையுள்ளது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைச் சிறைபிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியைத் திறந்து பார்த்த அத்தீவின் ஆளுநர், இது போர்க்கருவி அன்று, அறிவியற் கருவி என்று உணர்ந்து, பகைநாட்டாருக்கு உரியதாயினும் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார். போர்க்காலத்திலும் அறிவுக்கு அத்தகைய மதிப்பு அளிக்கப்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

கருவி வந்தபின் லாம்டனின் கூட்டம் மேற்கே திரும்பியது. பதின்மூன்றாம் அகலக்கோட்டை ஒட்டிச் சென்னையிலிருந்து ஆர்க்காட்டு நாட்டையும் மைசூர் மேட்டுநிலத்தையும் கடந்து மங்களூர்வரை முக்கோணங்கள் பின்னப்பட்டன. திருமலைத் தொடருக்குச் சற்றுத் தெற்கே செல்லும் பாதை அது. அதன் முடிவில், சென்னைக்கும் மேலைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட தூரம் அதுவரை நிலப்படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ நாற்பது மைல் குறைவு என்பது வெளியாயிற்று. நாற்பது மைல் அகலமுள்ள நாடு ஒன்று, இல்லாமலே படத்தில் இருந்து வந்திருக்கிறது!

தெற்கே காவிரிப் படுகைக்கு வந்தபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. அங்கே மலை இல்லை. எங்கும் வயலும் தென்னந்தோப்பும்தான். தொலைவில் பார்க்கவேண்டுமானால் கோயில்களையே நாடவேண்டும். கடவுளை வணங்குவதற்காக எழுப்பிய கட்டடங்கள், கோணம் அளப்பதற்கு மேடைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் தியோடலைட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு நெளிந்துபோயிற்று. வேறு எவராயினும் பணியை நிறுத்தியிருப்பர். லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து, வாரக்கணக்கில் வேறெதையும் கருதாமல், அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தட்டி இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அக்கருவி மீண்டும் பல்லாண்டுகள் பயன்பட்டது.

பிறகு அளவை வடக்கு நோக்கித் திரும்பியது. கன்னியாகுமரியிலிருந்து எழுபத்தெட்டாம் நெட்டாங்கை ஒட்டி இமயத்தின் அடிவாரம்வரை நீளும் பெருவில் அது. லாம்டன் அதன் முடிவைக் காணவில்லை. 1823ஆம் ஆண்டு சனவரியில், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட் என்னுமிடத்தில், பணியின் நடுவிலேயே உயிர் துறந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் சார்சு எவரெஸ்டு. கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளில் 1819இலேயே அவரும் அவருடைய கூட்டத்தார் பலரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். எவரெஸ்டு பிழைத்தார். கூட்டத்தில் மீளாதவரும் உண்டு.

கங்கைச் சமவெளியில் மலையும் இல்லை, உயர்ந்த கோயிலும் இல்லை. ஆங்கே செங்கல்லால் உயர்ந்த கோபுரங்கள் கட்டப்பட்டன. பகலில் தூசி படலமாக மறைப்பதால், இரவில் விளக்குகளை ஏற்றி அவற்றை நோக்கிக் கோணம் அளந்தனர். பார்வைக்குக் குறுக்கே நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் குடிசைகளும் அகற்றப்பட்டன. உழவன் ஒருவனுடைய மாமரத்தை வீழ்த்தித்தான் பூமியின் வடிவம் அறியப்பட்டது என்றால் அது மிகையன்று. 1843இல் எவரெஸ்டு ஓய்வு பெறுமுன் அந்தப் பெருவில் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டது.

இந்த நெடும்பயணத்தில் நம் பகுதியைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்வது கடமை. சையது மீர் மொசின் உசேன் என்பவர் ஆர்க்காட்டுக்காரர். அக்காலத்தில் ஆர்க்காடும் சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டமாக, வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தன. 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. மொசின் உசேன் சென்னையில் நகை வணிகர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். அவருடைய கைத்திறத்தைக் கண்ட அளவைத் துறையினர் அவரைத் தம்முடன் அழைத்துக்கொண்டனர். இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்ட கருவிக் கலைஞர் விலகியபின், பழுதுற்ற பெருங்கருவிகளைச் செப்பனிடும் பொறுப்பு இவரிடம் வந்தது. வட்டத்தகட்டில் மயிரிழை போன்ற கோடுகளைப் பொறிக்கும் வேலை அது. ஒரு கோடு தவறினால் அக்கருவியால் அளக்கும் கோணங்கள் அனைத்திலும் அப்பிழை படியும். ஐரோப்பியர் இருந்த பதவியில் இறுதியில் அவரே அமர்த்தப்பெற்றார். எவரெஸ்டே அவருடைய திறமையைப் புகழ்ந்து எழுதியுள்ளார். இமயத்தை நோக்கிய கண்ணாடிகளுக்குப் பின்னால் ஆர்க்காட்டுக் கைவினைஞர் ஒருவரின் விரல்கள் இருந்தன என்பதை நம் நாட்டுப் பிள்ளைகள் அறியவேண்டும்.

இனி இமயத்துக்கு வருவோம். எவரெஸ்டுக்குப்பின் தலைமையேற்றவர் ஆண்ட்ரூ வாஹ். இமயத்தின் உயர்ந்த சிகரங்கள் பல நேப்பாள நாட்டின் எல்லையில் உள்ளன. அந்நாட்டினர் ஆங்கிலேயரை உள்ளே விடவில்லை. கும்பினியார் எங்கெல்லாம் அளக்க வந்தனரோ அங்கெல்லாம் பின்னர் ஆளவும் வந்தனர் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மறுப்பில் நியாயம் இருந்தது. ஆகவே எல்லைக்கு வெளியே, மலையடிவாரத்தில் நீண்டு கிடக்கும் தெராய் என்னும் ஈரக்காட்டுப் பகுதியிலிருந்தே நோக்க வேண்டியதாயிற்று. சதுப்பும் நெடும்புல்லும் நிறைந்த அந்நிலத்தில் முறைக்காய்ச்சல் மிகக் கொடியது. கருவி சுமந்தவர், கொடி பிடித்தவர், விளக்கேற்றியவர், கூடாரம் அடித்தவர் எனப் பலர் அங்கே மாண்டனர். நிலையங்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. மாண்ட கூலியாட்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

அதுவரை உலகில் மிக உயர்ந்தது காஞ்சன்சங்கா என்று கருதினர். 1847இல் வாஹ் அதனை அளந்துகொண்டிருந்தபோது, அதற்கும் மேற்கே ஏறத்தாழ நூற்று நாற்பது மைல் தொலைவில் வேறொரு சிகரம் தலைநீட்டுவதைக் கண்டார். அது காஞ்சன்சங்காவைவிட உயர்ந்ததோ என்ற ஐயம் எழுந்தது. அத்தனை தொலைவிலிருந்து ஒரு முடிவுக்கு வர அவர் துணியவில்லை. 1849இல் சேம்சு நிக்கல்சன் என்பவரைத் தெராய்ப் பகுதிக்கு அனுப்பினார். பல பேர் தூக்கிச் செல்லவேண்டிய பெருங்கருவிகளுடன் நிக்கல்சன் ஐந்து இடங்களிலிருந்து அச்சிகரத்தை நோக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட முறை கோணங்களைக் குறித்தார். மிக அருகில் சென்ற இடமே ஏறத்தாழ நூற்றெட்டு மைல் தொலைவு. பொருத்தங்கள் எவையும் செய்யாமல் பார்த்தபோது சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 30,200 அடி என்று வந்தது. அவரும் காய்ச்சலுக்கு இரையாகி, கணக்கை முடிக்காமலே ஊர் திரும்ப நேர்ந்தது. அச்சிகரத்துக்கு அப்போது பெயர் இல்லை. வரிசையில் பதினைந்தாவது என்று எண் மட்டும் இட்டிருந்தனர்.

இங்கேதான் மிக நுட்பமான வேலை தொடங்குகிறது. நூறு மைலுக்கு அப்பாலுள்ள பொருளை நோக்கும்போது மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, பூமியின் வளைவு. நூறு மைல் தொலைவுக்குள் பூமி 6,600 அடிக்கு மேல் வளைந்து தாழ்ந்துவிடுகிறது. அதாவது, திருமலையைப் போல் இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும், நூறு மைலுக்கு அப்பால் அவை முழுதும் மறைந்துபோகும். கடல்மட்டத்துக்கு மேல் திருமலையின் உயரம் ஏறத்தாழ 2,800 அடியே.

இரண்டாவது, ஒளியின் வளைவு. நீரில் இட்ட கோல் வளைந்து தோன்றுவது போலவே, குளிர்ந்த காற்றிலும் வெப்பக் காற்றிலும் மாறிமாறி வரும் ஒளிக்கதிர் வளைகிறது. அதனால் சிகரம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். காலையில் ஓர் அளவு, நண்பகலில் ஓர் அளவு எனத் தோற்றம் மாறும். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினாலும், நூற்றுப்பத்து மைல் தொலைவில் உயரம் ஏறத்தாழ 170 அடி பிழைத்துவிடும்.

மூன்றாவது மிகவும் வியப்பானது. கருவியை மட்டமாக நிறுத்துவதற்குத் தூக்குக்குண்டைப் பயன்படுத்துகின்றனர் அல்லவா? கொத்தனார் சுவர் கட்டும்போது தொங்கவிடும் குண்டைப் போன்றதுதான் அது. இமயத்தின் பக்கத்தில் அக்குண்டு நேரே கீழ்நோக்கித் தொங்குவதில்லை. மாபெரும் மலைத்திரள் அதனைத் தன்பக்கம் சற்றே இழுத்துக்கொள்கிறது. தன்னை அளக்க வந்தவரின் மட்டத்தையே மலை மாற்றிவிடுகிறது! இன்னும் வியப்பு, அவ்விழுப்பு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. 1855இல் பிராட் என்னும் கல்கத்தாப் பாதிரியார் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். மலைகளுக்கு அடியில், எடை குறைந்த பாறை வேர்போல் ஆழ்ந்து கிடக்கிறது என்ற கருத்து இதிலிருந்தே வளர்ந்தது. உயரத்தை அளக்கப் புகுந்தவர்கள் மலையின் ஆழத்தையும் அறிந்தனர்.

இத்தகைய இடர்களையெல்லாம் எண்களால் வென்றவர்கள் கணக்கர்கள். அவர்களுள் தலைசிறந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த இராதாநாத் சிக்தார். 1813இல் பிறந்து, கல்கத்தா இந்துக் கல்லூரியில் பயின்று, 1831இல் எவரெஸ்டின்கீழ் பணியில் சேர்ந்தவர். கணிதத்தில் அவருக்கு இணையானவர் துறையில் அரியர். பின்னர்த் தலைமைக் கணக்கராகக் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். 1852இல் அவர் வாஹின் அறைக்குள் விரைந்து சென்று, உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கூறினார் என்பது வழிவழியாக வரும் கதை. உண்மையில் அக்கணக்கு ஒருநாளில் முடிந்ததன்று. கல்கத்தாவிலும் தேராதூனிலும் கணக்கர் பலர் ஆண்டுக்கணக்கில் சரிபார்த்தது அது. வாஹ் எளிதில் நிறைவு அடையவில்லை. ஒளிவளைவுக்குரிய பொருத்தங்களை மீண்டும் மீண்டும் ஆராயச் செய்து, 1856 மார்ச்சு மாதத்தில்தான் முடிவை வெளியிட்டார். பதினைந்தாம் எண் சிகரத்தின் உயரம் 29,002 அடி. காஞ்சன்சங்காவின் உயரம் 28,156 அடி.

சிக்தாரைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். 1843இல் தேராதூன் நீதித்துறை அதிகாரி ஒருவர், அளவைத் துறையின் கூலியாட்களை ஊதியமின்றித் தம் மூட்டைகளைச் சுமக்க வைத்தார். சிக்தார் அம்மூட்டைகளைத் தடுத்து நிறுத்தி, இது முறையன்று என வழக்காடினார். முடிவில் இருநூறு உரூபாய் தண்டம் இவருக்கே விதிக்கப்பட்டது. தண்டத்தைச் செலுத்தினார், தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நட்சத்திரங்களின் கோணத்தை அறிந்த அறிவு, சுமை தூக்குவோனின் தோளையும் கண்டது. இதனால் சிக்தாரின் பெருமை அவருடைய கணக்கோடு நின்றுவிடவில்லை.

சிகரத்துக்குப் பெயரிடும் வேளை வந்தது. வழக்கப்படி அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயரையே இடுதல் வேண்டும். நேப்பாளமும் திபெத்தும் அடைத்திருந்தமையால் உள்நாட்டுப் பெயர் எதுவெனத் தெளியவில்லை என்று கூறி, வாஹ் தமக்கு முன்பிருந்த தலைவரின் பெயரைச் சூட்டினார். திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்று வழங்கிவந்தனர். எவரெஸ்டே இப்பெயரை விரும்பவில்லை. இந்திய மக்களால் என் பெயரைச் சொல்லவும் இயலாது, எழுதவும் இயலாது என்ற கருத்தை 1857இல் அவர் தெரிவித்தார். ஆயினும் 1865இல் இலண்டன் புவியியற் கழகம் அப்பெயரையே உறுதிப்படுத்தியது. அச்சிகரத்தின் உயரத்துக்கான கோணங்களில் ஒன்றையேனும் எவரெஸ்டு அளந்ததில்லை. அது கண்டறியப்படுமுன்பே அவர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார்.

புகழ் போகும் வழி அது. மறதி போகும் வழியையும் பார்ப்போம். 1851இல் அளவையியல் கையேடு ஒன்று வெளியாயிற்று. அதன் கணிதப் பகுதிகளில் பலவற்றுக்குச் சிக்தார் துணை செய்தார் என்று முன்னுரையில் நன்றியுடன் குறித்திருந்தனர். 1870இல் சிக்தார் மறைந்தார். 1875இல் அந்நூலின் மூன்றாம் பதிப்பு வந்தபோது முன்னுரையில் அவர் பெயர் இல்லை. கணக்குகள் இருந்தன, கணக்கர் இல்லை. மறைந்தவரின் உடைமையைக் கவர்ந்ததற்கு ஒப்பாகும் இது என்று ஆங்கிலேயர் நடத்திய இதழ் ஒன்றே கண்டித்தது. அக்கண்டனத்தை எழுதியவர் ஒருவரேனும் இருந்தார் என்பது ஆறுதல்.

நூறு மைலுக்கு அப்பால் நின்று கண்ட அந்த எண் எவ்வளவு சரியானது? 1955இல் இந்திய நில அளவைத் துறையினர் மலைக்கு நெருங்கிச் சென்று மறுமுறை அளந்து, 8,848 மீட்டர் என்று கண்டனர். அடிக்கணக்கில் அது 29,028 அடி. 2020 டிசம்பரில், செயற்கைக்கோள்களின் துணையாலும் உச்சியிலேயே நாட்டிய கருவிகளாலும் அளந்து, நேப்பாளமும் சீனமும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. பழைய 29,002 அடியை மீட்டராக்கினால் ஏறத்தாழ 8,840 வரும். வேறுபாடு ஒன்பது மீட்டர் அளவே. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். நாற்பது மைல் பிழையுடன் நிலப்படம் வரைந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், அரைநூற்றாண்டுக்குள் இவ்வளவு திருத்தம் கைவந்தது எப்படி?

விடை பரங்கிமலைச் சமவெளியில் இருக்கிறது. அங்கே சங்கிலியின் பக்கத்தில் வெப்பமானியை வைத்தவர், இமயத்தைப் பற்றி எண்ணியிருக்கமாட்டார். அவர் எண்ணியது தம் கண்முன் கிடந்த நூறு அடியைப் பற்றியே. அந்த நூறு அடி சரியாக இருக்கவேண்டும் என்று கருதி, நானூறு முறை குனிந்து நிமிர்ந்தார். தஞ்சையில் நெளிந்த வட்டத்தைத் தட்டியவரும், ஆர்க்காட்டிலிருந்து சென்று கோடு பொறித்தவரும், தெராய்க் காட்டில் விளக்கேற்றி நின்றவரும், மூன்று இடர்களையும் கழித்து எண்ணைக் கண்டவரும் தத்தம் கைக்கு வந்த கண்ணியைப் பிழையின்றி இணைத்தனர். அவர்களில் ஒருவர் தம் வேலையில் ஏமாற்றியிருந்தாலும் மலை அளக்கப்பட்டிராது. தொலைவிலுள்ளதைச் சரியாக அறிய விரும்புவோர், அருகிலுள்ளதைச் சரியாக அளக்கக் கற்கவேண்டும்.

அரசர்கள் பொறித்த புலியையும் வில்லையும் இலக்கியம் காத்துவைத்தது. கணக்கர்களும் கூலியாட்களும் கண்ட எண்ணை உலகம் காத்துவைத்திருக்கிறது, கண்டவர்களைக் காக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் 8,848 என்ற எண்ணைப் படிக்கும் நம் குழந்தைகளுக்கு, அந்த எண் பரங்கிமலையில் புறப்பட்டது என்பதையும் சொல்லிக் கொடுப்போம். சிக்தார், மொசின் உசேன் என்ற இரண்டு பெயர்களையும், பெயர் தெரியாத மற்றையோரின் உழைப்பையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.